மூன்று ஆண்டு நான்கு மாதம்: குழந்தைகளுக்கான ஓர் ஏடிஎச்டி மதிப்பீட்டு மையம் பற்றிய விமர்சனம்

எங்கள் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த வளர்ச்சிக் கோளாறு, இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீடு 2025 பெப்ரவரியில் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மையத்திலிருந்து ஒரு கருத்துப் படிவம் தபாலில் வந்தது. வரவேற்பில் இருந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா, வைத்தியர் பிள்ளையுடன் நேரடியாகப் பேசினாரா, சொல்லப்பட்டவை விளங்கினவா, அறிக்கை பயன்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மிக உயர்ந்த புள்ளியையே இட்டேன். அவர்கள் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். கையெழுத்திட்டு உறையில் வைக்கும்போதுதான், படிவத்தின் மேற்பகுதியில் 'சந்திப்பு நடந்த திகதி' என்ற கட்டம் மட்டுமே இருப்பதைக் கவனித்தேன். எங்கள் குடும்ப வைத்தியர் மகனை அந்த மையத்துக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதிய திகதியைக் குறிக்க அதில் இடம் இருக்கவில்லை. அந்தக் கடிதம் 2021 ஒக்டோபரில் எழுதப்பட்டது. அப்போது அவனுக்கு வயது 7. மதிப்பீட்டு அறைக்குள் அவன் காலடி வைத்தபோது பத்தரை.

படிவத்தில் எழுத முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். மையத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. இங்கிலாந்தில் அரச சுகாதாரச் சேவையின் செலவில், ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமாக இயங்கும் மையம் அது; அங்கே வேலை செய்பவர்கள் ஒரு சிலர்தான், அவர்களில் எவர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் செய்த மதிப்பீடு நான் கண்ட மருத்துவப் பணிகளிலேயே மிகவும் நேர்த்தியானது, ஆனால் அது வந்து சேர எடுத்த காலம், அதனால் என் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய நன்மையின் பெரும் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மகன் சிறு வயதிலிருந்தே துடியாட்டமானவன். எங்கள் வீட்டில் அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் முதலாம் ஆண்டில் இருந்தான். வீட்டு மேசையில் மடிக்கணினியின் முன் ஐந்து நிமிடம்கூட அவனால் இருக்க முடியாததைப் பார்த்து, எந்தப் பிள்ளையால்தான் இது முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாடசாலை திறந்த பிறகும் அது மாறவில்லை. அவன் ஆகஸ்ட் மாதக் கடைசியில் பிறந்தவன். இங்கே கல்வியாண்டின் எல்லை ஆகஸ்ட் 31 என்பதால், வகுப்பில் அவனே மிகவும் இளையவன். இரண்டாம் ஆண்டு ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டி, இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது அலட்சியத்தால் அல்ல. வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கே ஏடிஎச்டி என்று கூடுதலாக முடிவு கட்டப்படுகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன, முதிர்ச்சியின்மையை நோயென்று தவறாகக் கொள்ளும் அபாயம் உண்மையானது. ஆனால் பொறுத்துப் பார்ப்பதற்கும் வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு அன்று தெரியவில்லை. என் கணவருக்கும் மகனுக்கு ஒரு பெயர் சூட்டப்படுவதில் விருப்பம் இருக்கவில்லை. நம்முடைய ஆட்கள் அதை 'விசர்', அதாவது பைத்தியம், என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவார்கள் என்று அவர் பயந்தார். ஆகவே முதல் ஓர் ஆண்டுத் தாமதம் எங்களுடையது.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் குடும்ப வைத்தியரிடம் போனோம். அவர் அன்றே கடிதம் எழுதினார். ஆறு வாரம் கழித்து மையம் அதைத் திருப்பி அனுப்பியது: பாடசாலை நிரப்ப வேண்டிய படிவம் இணைக்கப்படவில்லையாம். படிவத்தை இணைத்து மறுபடி அனுப்பியபோது, பெற்றோருக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்த சான்று வேண்டும் என்றார்கள். அந்த வகுப்பு பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுப்பது, செய்தவுடன் பாராட்டுவது போன்ற, இன்றும் நான் கைக்கொள்ளும் சில பழக்கங்களை அங்கேதான் கற்றேன். ஆனால் அதற்கே ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, அது முடியும்வரை எங்கள் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

பட்டியலில் ஏறிய பின் ஆண்டுக்கு ஒரு கடிதம் வரும். இன்னும் காத்திருக்க விரும்புகிறீர்களா, 14 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்பதே அதன் சாரம். நாங்கள் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துப் பதில் போடக்கூடியவர்கள். ஆனால் எங்கள் வட்டாரத்திலேயே, இரண்டு வேலை செய்துகொண்டு, உத்தியோகபூர்வக் கடிதங்களை வாசிக்கப் பிள்ளைகளின் உதவியை நாடும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஏடிஎச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதால், கடிதத்தைத் திறந்து பதிலெழுத மறந்துபோகும் பெற்றோருக்கும் அதே குறை இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு 14 நாள் கெடு வைத்து ஒரே ஒரு கடிதம் அனுப்புவது நியாயமான முறை அல்ல. மையத்தின் நடைமுறைகளில் முதலில் மாற்ற வேண்டியது இது என்று நான் கருதுகிறேன்.

நாங்கள் மட்டும் இப்படி நிற்கவில்லை. இங்கிலாந்தின் அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். 2025 மே மாதத்தில் முதன்முறையாக வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஏடிஎச்டி மதிப்பீட்டுக்காக ஏறத்தாழ 5 இலட்சத்து 49 ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். அவர்களில் 3 இலட்சத்து 4 ஆயிரம் பேர் ஓராண்டுக்கும் மேலாக, 1 இலட்சத்து 44 ஆயிரம் பேர் இரண்டு ஆண்டுக்கும் மேலாக. என் மகன் அந்த வரிசையை விட்டு வெளியேறியதற்கு அடுத்த மாதத்துக் கணக்கு அது. வைத்தியர்கள் குறைவு, பரிந்துரைகள் மிகையாகப் பெருகிவிட்டன என்பவை எல்லாம் உண்மை. மையத்துக்கும் அது தெரியும், ஒவ்வொரு கடிதத்திலும் வருத்தம் தெரிவித்தார்கள்.

அந்த மூன்று ஆண்டும் வீட்டிலும் பாடசாலையிலும் நடந்தவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மூன்றாம் ஆண்டில் அவன் பாடங்களை முடிக்காமல் விட்டான்; நான்காம் ஆண்டில் முடிக்காததை மறைக்கக் கற்றுக்கொண்டான். 2023 வசந்த காலத்தில் அவனுடைய குளிர்கால ஜக்கெட்டைத் தோய்க்கப் போட்டபோது, சலவை இயந்திரம் முழுவதும் கடதாசிக் கூழாக இருந்தது. உள்துணியில் ஒரு கிழிசல் இருந்தது. அதற்குள், வகுப்பில் கொடுத்த பயிற்சித் தாள்களை அவன் எட்டாக மடித்து மாதக்கணக்கில் திணித்து வைத்திருந்தான். கூழாகாமல் தப்பிய தாள்களை விரித்துப் பார்த்தேன். பலவற்றில் முதல் இரண்டு வினாக்களுக்கு விடை சரியாக இருந்தது, மூன்றாவதில் பாதி வசனம் இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரியாத பாடம் அல்ல அது. இரண்டு வினா தூரம் அவனால் ஓட முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. இதைக் கண்டுகொள்ளக்கூடிய ஒருவர் அந்த வயதில் அவனருகே இருந்திருந்தால் தாளை இரண்டாக வெட்டிக் கொடுத்திருப்பார். நான் அன்று செய்தது அதட்டியது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

வகுப்பில் அவனுக்குச் சுவரைப் பார்த்தபடி தனி மேசை போட்டார்கள். கவனம் சிதறாதிருக்க அப்படி வைப்பது சில வேளைகளில் உதவக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் ஏன் என்று வகுப்புக்கு விளக்கப்படாத இடத்தில், அது தண்டனை மேசையாகவே மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பிறந்தநாள் அழைப்புகள் குறைந்து, பின் நின்றே போயின. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலும் இதே முறைப்பாடு வந்ததால் அதை நிறுத்தினோம். மிருதங்க வகுப்பை மட்டும் அவன் விரும்பியதால் விட்டுவைத்தோம். ஐந்தாம் ஆண்டில், வரிசையில் நின்ற ஒரு பையனைத் தள்ளியதற்காக இரண்டு நாள் இடைநிறுத்தம் செய்யப்பட்டான். அதே ஆண்டு கோடையில், பின்வளவு மதிலில் இருந்து குதித்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இந்த நிலை உள்ள பிள்ளைகள் விபத்துக்கும் காயத்துக்கும் ஆளாவது அதிகம் என்பதையும், சிகிச்சை பெறும் காலத்தில் அது குறைகிறது என்பதையும் டென்மார்க், சுவீடன் நாடுகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன என்று பிறகு வாசித்தேன்.

அவனுக்கு ஒரு தங்கை. வீட்டில் ஏதாவது உடைந்தால், யார் உடைத்தது என்று யாரும் கேட்பதற்கு முன்னரே, "அண்ணாதான் செய்தவர்" என்று சொல்ல அவள் நான்கு வயதில் பழகியிருந்தாள். அவளே உடைத்த ஒரு கோப்பைக்கும் அதையே சொன்னாள், நாங்கள் நம்பினோம். அவன் மறுக்கவில்லை. தான் செய்யாததையும் மறுக்காத நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டிருப்பதை அன்று நான் கவனித்திருக்க வேண்டும். தாமதத்தின் கேடு பாடத்தில் பின்தங்குவதோடு நிற்பதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். வேறு விளக்கம் எதுவும் கிடைக்காத பிள்ளை, சுற்றியுள்ளவர்கள் தரும் விளக்கத்தையே எடுத்துக்கொள்கிறது. என் மகனுக்குக் கிடைத்த விளக்கம், தான் கூடாத பிள்ளை என்பது.

இனி மதிப்பீட்டைப் பற்றி. 2025 ஜனவரியிலும் பெப்ரவரியிலுமாக இரண்டு சந்திப்புகள் நடந்தன. அவற்றுக்கு இடையே மையத்தின் தாதி ஒருவர் பாடசாலைக்குப் போய், ஒரு காலை முழுவதும் வகுப்பின் பின் கதிரையில் அமர்ந்து கவனித்தார். 2021இல் நாங்களும் ஆசிரியையும் நிரப்பிய வினாக்கொத்துகள் காலாவதியாகிவிட்டதால், எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. அவனை மூன்றாம் ஆண்டில் அறிந்திருந்த ஆசிரியை அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிய ஆசிரியருக்கு அவனை நான்கு மாதமே தெரியும்.

வினாக்கொத்துகளில் மட்டும் தங்கியிருந்து முடிவு சொல்லக் கூடாது என்று, நைஸ் எனப்படும் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இந்த மையம் அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்கிறது. குழந்தை நல வைத்திய நிபுணர் கர்ப்ப காலத்திலிருந்து தொடங்கினார். எப்போது நடந்தான், எப்போது பேசினான், எப்படி உறங்குகிறான், காது கேட்கும் பரிசோதனை எப்போது செய்தீர்கள், கண் பார்த்தீர்களா, வீட்டில் இழப்போ சண்டையோ இடமாற்றமோ இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வேறு காரணங்களை விலக்கிக்கொண்டே வந்தார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பாடசாலை என ஓர் இடத்துக்கு மேற்பட்ட சூழலில் தெரிய வேண்டும், வயதுக்கு மிஞ்சியவையாக இருந்து அன்றாட வாழ்வைக் குலைக்க வேண்டும் என்பவற்றை எங்களுக்கும் விளக்கினார். ஆகஸ்ட் பிறப்பை அவராகவே எழுப்பினார். வகுப்பின் சராசரியோடு ஒப்பிடாமல், மாதக்கணக்கில் அவன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு என் கணவரின் பக்கம் திரும்பி, உங்கள் பள்ளிக்காலம் எப்படி இருந்தது என்று கேட்டார். அவர் நெடுநேரம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது, திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் நான் கேட்டிராத செய்திகள் வந்தன.

என் அம்மாவும் எங்களுடன் வந்திருந்தார். பிள்ளையை நான்கு வயதுவரை பகலில் பார்த்துக்கொண்டவர் அவரே. நாங்கள் கேளாமலே மையம் ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தது, இதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். வந்தவர் தமிழ்நாட்டுக்காரர், பண்பானவர். அம்மா தன் யாழ்ப்பாணத்துத் தமிழில், "பிள்ளை சரியான குழப்படி, ஆனால் கெட்டவன் இல்லை, எந்த நேரமும் பிராக்குப் பார்ப்பான்" என்றார். பிராக்குப் பார்ப்பது என்றால் கவனம் சிதறி வேடிக்கை பார்ப்பது. 'குழப்படி'யைக் குழப்பம் என்று கொண்டு, பிள்ளை எப்போதும் குழம்பிப் போய் இருக்கிறான் என்று உரைபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். வைத்தியர் உடனே பேனாவை எடுத்து, எவ்வளவு காலமாகக் குழப்பம், ஆளை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கத் தொடங்கினார். நான் இடையிட்டு, குழப்படி என்றால் எங்கள் ஊரில் குறும்பு, சேட்டை என்று திருத்தினேன். ஆங்கிலம் தெரியாத ஓர் அம்மம்மா மட்டும் தனியே வந்திருந்தால் அந்தச் சொல் அறிக்கையில் ஏறியிருக்கும். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பவர்கள், இலங்கைத் தமிழ் என்று சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாம் சந்திப்பில் கணினிப் பரிசோதனை இருந்தது. கியூபி டெஸ்ட் எனப்படும் இதில், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் திரையில் வட்டங்கள் தோன்றி மறையும். வெறும் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், குறுக்குக் கோடுகள் உள்ள வட்டம் வந்தால் அழுத்தக் கூடாது. தலையில் கட்டிய பட்டியிலுள்ள சிறு குமிழை அகச்சிவப்புக் கமரா ஒன்று பின்தொடர்ந்து, பிள்ளை எவ்வளவு அசைகிறது என்பதைப் பதிகிறது. மருத்துவ மதிப்பீட்டுடன் சேர்த்து இதைப் பயன்படுத்தலாம் என்று நைஸ் 2024 ஒக்டோபரில் பரிந்துரைத்தது. தலை அசைவின் தடத்தை அச்சிட்டுக் காட்டினார்கள். அவன் வயதுப் பிள்ளை ஒன்றின் தடம் உள்ளங்கையில் அடங்கும் நூல் முடிச்சைப் போல இருந்தது, இவனுடையது தாளை நிறைத்திருந்தது. என் கணவருக்கு இருந்த கடைசிச் சந்தேகம் அந்தத் தாளைப் பார்த்த பின் போனது. என்றாலும் அந்தப் பரிசோதனை தனியாக எதையும் முடிவு செய்வதில்லை என்பதை வைத்தியர் இரண்டு தடவை வலியுறுத்தினார்.

முடிவைச் சொன்ன விதத்துக்காகவே இந்த மையத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வைத்தியர் கதிரையை இழுத்து மகனின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டியபடி, அவனிடமே பேசினார். 2007இல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள் என்றும், ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் மூளையின் வெளி அடுக்கான புறணி அதன் உச்சத் தடிப்பை அடைய மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக எடுத்தது என்றும், மற்றவர்களுக்கு ஏழரை வயதில் நடப்பது இவர்களுக்குப் பத்தரை வயதில் நடந்தது என்றும், வளரும் வரிசை ஒன்றுதான், நேரம் மட்டும் வேறு என்றும் அவனுக்கு விளங்கும் சொற்களில் சொன்னார். அவன் கேட்ட ஒரே கேள்வி: "அப்படியென்றால் இது என் பிழை இல்லையா?" அவர் இல்லை என்றார். காரில் வீடு திரும்பும்போது மறுபடி என்னிடம் கேட்டான். அன்றிரவு படுக்கையிலும் கேட்டான்.

அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஏடிஎச்டியுடன் குறிப்பிடத்தக்க பதற்றமும் இருக்கிறது என்றும், அது பெரும்பாலும் பாடசாலையில் அடுத்தடுத்து ஏற்பட்ட தோல்விகளின் விளைவு என்றும் எழுதியிருந்தார். பதற்றமும் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதால், எது முதலில் வந்தது என்று பிரித்தறிய அவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. 7 வயதில் வந்திருந்தால் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டி இருந்திருக்காது என்று அவரே சொன்னார். ஆகவே காத்திருப்பு பிள்ளையை மட்டுமல்லாமல் மதிப்பீட்டையும் சிக்கலாக்குகிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுக்கும் நேரத்தைக் கூட்டுகிறது, அதனால் வரிசை மேலும் நீள்கிறது. காத்திருப்பு அறையில் நான் சந்தித்த ஒரு தாயின் மகளுக்கு வயது 14. துள்ளாத, சத்தம் போடாத, யன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண்பிள்ளை என்பதால், பரிந்துரைக் கடிதமே எட்டாம் ஆண்டில்தான் எழுதப்பட்டதாம். அதற்குள் அவள் பாடசாலைக்குப் போக மறுக்கத் தொடங்கிவிட்டாள்.

முடிவு தெரிந்த பின் நடந்தவை பற்றி எனக்கு மனக்குறை உண்டு. மருந்து தொடங்குவதற்கு வேறொரு பட்டியல் இருக்கிறது என்று அறிக்கை வந்த நாளில்தான் சொன்னார்கள். மே மாதத்தில் ஆறாம் ஆண்டுத் தேசியப் பரீட்சை நடந்தது. கூடுதல் நேரமோ இடைவேளையோ கேட்டிருக்கலாம்; அவற்றைப் பாடசாலை ஏற்பாடு செய்வதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. மெதில்பெனிடேட் மருந்து ஜூலையில் தொடங்கி, மிகக் குறைந்த அளவிலிருந்து வாரந்தோறும் கூட்டப்பட்டு, உரிய அளவு பிடிபட்டபோது செப்டெம்பர் பிறந்துவிட்டது. தொடக்கப் பாடசாலைக் காலமே முடிந்து, ஏழாம் ஆண்டில், ஒரு நாளில் ஆறு வகுப்பறையும் ஆறு ஆசிரியர்களும் உள்ள பெரிய பாடசாலையில் அவன் நின்றான். ஒரே ஆசிரியை நாள் முழுவதும் கூட இருந்த ஆண்டுகளில் செய்திருக்கக்கூடிய உதவிகளை இங்கே செய்வது எத்தனை கடினம் என்பதை இப்போது தினமும் பார்க்கிறேன்.

மையம் எங்களுக்கு முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு விடயங்களை நாங்கள் தற்செயலாகவே அறிந்தோம். இங்கிலாந்தில் 2015 முதல் நடைமுறையில் உள்ள விசேட கல்வித் தேவைகளுக்கான நெறிக்கோவையின்படி, பாடசாலை ஒரு பிள்ளைக்கு உதவத் தொடங்க மருத்துவ முடிவு எதுவும் தேவையில்லை. தேவை இருப்பதே போதும். 'மதிப்பீடு வரட்டும், பார்க்கலாம்' என்று எங்களுக்கு மூன்று ஆண்டு சொல்லப்பட்டது பிழை. சென்கோ என்று அழைக்கப்படும், அதற்குப் பொறுப்பான ஆசிரியரைச் சந்தித்து, எந்த உதவி, எந்தத் திகதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். அது போதாது என்றால், உள்ளூராட்சிச் சபையிடம் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே நேரடியாகக் கோரலாம், திட்டம் வழங்கப்படுவதாயின் அந்த வேலை 20 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம். மற்றது, குடும்ப வைத்தியரின் பரிந்துரையோடு, என்.எச்.எஸ். செலவிலேயே வேறொரு தகுதிபெற்ற நிறுவனத்தைத் தெரிவுசெய்யும் உரிமை. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. எங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் ஒருவனின் குடும்பம் அந்த வழியில் போய், எங்களுக்கு மிகப் பிந்திப் பதிந்தும் முன்னதாகவே முடிவைப் பெற்றது. அந்த வழியிலும் வரிசைகள் உண்டு, சில நிறுவனங்கள் பிள்ளைகளை ஏற்பதில்லை, பின்னர் மருந்தைத் தொடர்ந்து எழுதித்தரக் குடும்ப வைத்தியர் சம்மதிப்பாரா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும், அப்படி ஒரு வழி இருப்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்க மையத்துக்கு எந்தச் செலவும் இல்லை.

புள்ளி இடச் சொன்னால் இப்படி இடுவேன். மதிப்பீட்டின் ஆழத்துக்கும் நேர்மைக்கும், பிள்ளையோடு பழகிய விதத்துக்கும் 5இல் 5. உரைபெயர்ப்புக்கு 3. மதிப்பீட்டுக்குப் பிந்திய தொடர்ச்சிக்கு 2. காத்திருப்புக்கும், காத்திருந்த காலத்தில் எங்களுக்குத் தந்த தகவலுக்கும் 1. இவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்க நான் விரும்பவில்லை. கடைசிப் புள்ளி மற்றவற்றுக்குச் சமமான எடை உடையது அல்ல. இந்த மையத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்புங்கள், இன்றைக்கே பெயரைப் பதியுங்கள், ஆனால் அவர்களின் கடிதம் வரும்வரை எந்த உதவிக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில்.

மகன் இப்போது தாள்களை மறைப்பதில்லை. வாசிப்பில் வகுப்பைவிட இன்னும் இரண்டு ஆண்டு பின்னிற்கிறான். பாடசாலை வாரம் மூன்று முறை தனியே வாசிப்பிக்கிறது. மிருதங்கத்தில் அடுத்த தரப் பரீட்சைக்கு அவனாகவே பெயர் கொடுத்திருக்கிறான். மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இவனுக்கு அது இந்த மார்ச் மாதம் நடக்க வேண்டும். திகதி குறித்த கடிதம் இன்னும் வரவில்லை. மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.